ஸ்போர்ட் பைலட் பறத்தல் தேர்வு: தயாராகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு எழுதப்போகிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன். நான் பயிற்றுநர் இல்லை. வார இறுதியில் இரண்டு இருக்கை விமானம் ஓட்டுகிற சாதாரண ஆள். தேர்வு எழுதியபோது பட்ட அனுபவமும், அதற்காகப் படித்த விதிகளும்தான் இதற்கு மூலதனம். சக்கரம் வைத்த ஒற்றை என்ஜின் விமானத்தை மனத்தில் வைத்தே பதில்கள் இருக்கின்றன.

ஸ்போர்ட் பைலட் என்றால் என்ன? பிரைவேட் பைலட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஓட்ட அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2004இல் கொண்டுவந்த சான்றிதழ் இது. கூட ஒரே ஒரு பயணியை ஏற்றலாம். வாடகைக்கோ சம்பளத்துக்கோ ஓட்டக் கூடாது. தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். டவர் உள்ள விமான நிலையங்களின் வான்வெளிக்குள் நுழையத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் கையொப்பமும் தேவை. பிரைவேட் பைலட்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றால் இதற்கு 20.

2025 அக்டோபர் 22 முதல் மோசைக் என்ற புதிய விதித் தொகுப்பால் எல்லைகள் விரிந்திருக்கின்றன. அதற்கு முன் 1,320 பவுண்டுக்கு உட்பட்ட இலகு விமானங்களுக்குள் அடங்கிக் கிடந்தவர்கள் இப்போது செஸ்னா 172 வகைகளில் பெரும்பாலானவற்றையும் ஓட்டலாம். இருக்கை நான்கு இருந்தாலும் பயணி ஒருவர்தான்.

அந்த 20 மணி நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பயிற்றுநருடன் குறைந்தது 15, தனியாக 5. இதற்குள் பயிற்றுநருடன் 2 மணி நேர வெளியூர்ப் பறத்தல், முழுதாக நின்று முடியும் 10 தரையிறக்கங்கள், தனியாக ஒரு வெளியூர்ப் பயணம் எல்லாம் அடங்க வேண்டும். அந்தத் தனிப் பயணம் மொத்தம் 75 கடல் மைலாவது இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் இறங்கி நிற்க வேண்டும். ஒரு கட்டமாவது நேர்கோட்டில் 25 கடல் மைல் நீள வேண்டும். தேர்வுக்கென்றே பயிற்றுநருடன் 2 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதுவும் தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள்.

இவை குறைந்தபட்ச எண்கள். 20 மணி நேரத்தில் தயாரானவர் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆனது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவப் பரிசோதனை கட்டாயமா?

இல்லை. செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் போதும். உரிமத்தில் கண்ணாடி அணிய வேண்டும் என்று இருந்தால் விமானத்திலும் அணிய வேண்டும். ஒரு கண்ணி இருக்கிறது: கடைசியாக நீங்கள் எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து அது மறுக்கப்பட்டிருந்தால், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பறக்கும் சலுகை போய்விடும். உடம்பில் ஏதாவது சந்தேகம் உள்ளவர்கள், ‘சும்மா போட்டுப் பார்ப்போமே’ என்று விண்ணப்பிக்கும் முன் விமானத்துறை மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை. எனக்கு இது சாத்தியமா?

சாத்தியம். எச்-1பி விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் விமானப் பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.விடம் அனுமதி பெற வேண்டும். கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இது வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வேண்டும்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே சொல், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, மாணவ விமானிச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் என்று மூன்று விதமாக இருந்தால் தேர்வு மேசையில் அரை மணி நேரம் அதிலேயே போகும். எஃப்.ஏ.ஏ.வின் இணைய விண்ணப்பத் தளத்தில் கணக்குத் தொடங்கும் நாளிலேயே பெயரை அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு எப்போது?

செய்முறைத் தேர்வுக்கு முன். 40 கேள்விகள், 2 மணி நேரம், நூற்றுக்கு 70 எடுத்தால் போதும். முடிவு 24 நாட்காட்டி மாதங்கள் செல்லும். ஆனால் தவறவிட்ட கேள்விகளின் தலைப்புகள் குறியீடுகளாக முடிவுத்தாளில் அச்சாகி வரும். அந்தத் தலைப்புகளைப் பயிற்றுநர் உங்களோடு மறுபடி பார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும். செய்முறைத் தேர்வை நடத்தும் பரிசோதகரும் அவற்றிலிருந்தே கேள்வியைத் தொடங்குவார். நான் வான்வெளி வகைகளில் மூன்று கேள்விகளைக் கோட்டைவிட்டிருந்தேன். வரைபடத்தை விரித்ததும் அவர் விரல் நேராக அங்கேதான் போனது.

பரிசோதகர் யார்? எவ்வளவு கேட்பார்?

பெரும்பாலும் எஃப்.ஏ.ஏ. ஊழியராக இருக்கமாட்டார், அந்த அமைப்பு நியமித்த தனியாராக இருப்பார். கட்டணத்தை எஃப்.ஏ.ஏ. நிர்ணயிப்பதில்லை, அவரே சொல்லுவார். பல நூறு டாலர்களுக்குத் தயாராக இருங்கள். தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். தொலைபேசியில் பேசும்போதே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கட்டணத்தை எப்படித் தர வேண்டும், தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு, அவருடைய எடை எவ்வளவு. கடைசிக் கேள்வி மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். அதைக் கேட்காமல் வருகிறவரைத்தான் அவர் சந்தேகத்தோடு பார்ப்பார். ஏன் என்பது கீழே வரும்.

என்னென்ன காகிதங்கள் கொண்டுபோக வேண்டும்?

உங்களுடையவை: புகைப்பட அடையாள அட்டை, மாணவ விமானிச் சான்றிதழ், எழுத்துத் தேர்வு முடிவு, பறந்த நேரங்களைப் பதியும் லாக்புக், அதில் பயிற்றுநரின் ஒப்புதல் கையொப்பங்கள், பயிற்றுநர் ஒப்புதலளித்த இணைய விண்ணப்பம். லாக்புக்கில் மேலே சொன்ன ஒவ்வொரு நிபந்தனையும் எந்தப் பக்கத்தில் நிறைவேறியிருக்கிறது என்று வண்ணச் சீட்டு ஒட்டிவையுங்கள்.

விமானத்துடையவை: பறக்கத் தகுதிச் சான்றிதழ், பதிவுச் சான்று, இயக்க வரம்புகள், எடைச் சமநிலைத் தாள். இவை விமானத்துக்குள்ளேயே இருக்கும். பராமரிப்புப் பதிவேடுகள்தான் அலுவலக அலமாரியில் தூங்கும். ஆண்டுப் பரிசோதனை 12 நாட்காட்டி மாதங்களுக்குள் நடந்ததா, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் சோதனை 24 மாதங்களுக்குள் நடந்ததா, விபத்து நேர்ந்தால் ஒலிக்கும் அவசர ஒலிபரப்பியின் பேட்டரித் தேதி தாண்டவில்லையா என்று பதிவேட்டில் காட்டத் தெரிய வேண்டும்.

என் முதல் தேர்வு நாள் இந்தக் கடைசி வரியில்தான் கவிழ்ந்தது. முந்தைய நாள் மாலை பயிற்சிப் பள்ளியில் பதிவேடு கேட்டேன். ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றார்கள், நம்பிவிட்டேன். காலையில் பரிசோதகர் முன்னால் நானே பக்கம் புரட்டினேன். ஆண்டுப் பரிசோதனை சரி. டிரான்ஸ்பாண்டர் சரி. பேட்டரியை மாற்ற வேண்டிய தேதி பதினொரு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது. என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ‘இந்த விமானத்தில் இன்று பறக்கலாமா?’ என்று மட்டும் கேட்டார். ‘கூடாது’ என்றேன். தேர்வே தொடங்காததால் தோல்வி என்று பதிவாகவில்லை. ஆனால் மறுபடி தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. பதிவேட்டை முந்தைய வாரமே உங்கள் கண்ணால் பாருங்கள். வேறு யார் வார்த்தையையும் ஏற்காதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்?

வெளியூர்ப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டு வரச் சொல்லியிருப்பார். அதைச் சுற்றியே பேச்சு நகரும்: வானிலை, வான்வெளி, விமானத்தின் அமைப்புகள், உடல்நிலை, ஓடுபாதை நீளம் போதுமா, எரிபொருள் போதுமா. தனித்தனிக் கேள்விகளாக மனப்பாடம் செய்து போனவர்கள் இங்கே திணறுவார்கள். ‘உங்கள் வழியில் இந்த ஊருக்கு மேலே மேகம் 2,500 அடிக்கு இறங்கிவிட்டது. இப்போது?’ என்று ஒரே கேள்வியில் வானிலை, வான்வெளி, மாற்று விமான நிலையம், உங்கள் துணிச்சல் நான்கையும் அளந்துவிடுவார்.

எடைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1,320 பவுண்டு வரம்புள்ள இலகு விமானம். காலி எடை 830. நீங்கள் 170, பரிசோதகர் 190. தொட்டி நிறைந்தால் 24 காலன். ஒரு காலன் பெட்ரோல் 6 பவுண்டு என்றால் 144. கூட்டிப் பாருங்கள்: 1,334. பையை ஏற்றும் முன்பே 14 பவுண்டு அதிகம். தொட்டி நிறைந்திருப்பது பாதுகாப்பு என்று ஊட்டி வளர்க்கப்பட்ட நாம் இங்கேதான் வழுக்குகிறோம். 20 காலனோடு நிறுத்தினால் 1,310. மணிக்கு 5 காலன் குடிக்கும் என்ஜினுக்கு அது நான்கு மணி நேரம். தேர்வுக்கும் பகலில் கையிருப்பாக இருக்க வேண்டிய 30 நிமிடத்துக்கும் தாராளம். மீதி 10 பவுண்டில் ஹெட்செட் பையும் தண்ணீர் பாட்டிலும். மொத்த எடை அடங்கினால் மட்டும் போதாது, ஈர்ப்பு மையமும் எல்லைக்குள் விழ வேண்டும். இரண்டையும் அன்றைய உண்மையான எண்களில் போட்டுக் காட்ட வேண்டும். அதனால்தான் எடையைக் கேட்கச் சொன்னேன்.

தேர்வு நாளுக்கு முன் யாரோ அந்த விமானத்தில் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போவதும் நடக்கும். ‘நிரப்ப வேண்டாம்’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

பதில் தெரியாவிட்டால்?

‘உடனே நினைவில் இல்லை, விதிப் புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லலாம். எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் புத்தகத்தைப் புரட்டினால் அது வேறு கதை. அளந்து விடுவது மட்டும் ஆகவே ஆகாது.

என் ஆங்கிலம் தமிழ் வாடையோடு இருக்கும். சிக்கலா?

ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. உச்சரிப்பில் ஊர் வாடை இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் சிக்கல் பெரும்பாலும் வேகம். ரேடியோவில் பதற்றத்தில் கடகடவென்று கொட்டிவிடுகிறோம். விமான நிலையத்தின் பெயர், நீங்கள் யார், எங்கே, என்ன செய்யப்போகிறீர்கள், மீண்டும் நிலையத்தின் பெயர் என்று வரிசை வைத்துக்கொண்டு, காரில் போகும்போதெல்லாம் உரக்கச் சொல்லிப் பழகினேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வானத்தில் என்ன செய்யச் சொல்வார்?

திட்டமிட்ட பயணத்தைத் தொடங்கி ஓரிரு அடையாளங்களைக் கண்டுபிடித்ததும் ‘வேறு நிலையத்துக்குத் திருப்புங்கள்’ என்பார். பிறகு மெதுவான பறத்தல், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), 45 பாகைச் சாய்வில் முழு வட்டத் திருப்பம், தரையில் ஒரு சாலையையோ மரத்தையோ வைத்துச் சுற்றுதல், என்ஜின் நின்றதாக வைத்துக்கொண்டு இறங்குதல். திரும்பி வந்து சாதாரண, குறுகிய ஓடுபாதை, மென்தரை வகைத் தரையிறக்கங்கள், ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைப்பது), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது).

கொஞ்சம் விலகி ஒன்று: ஸ்லிப்பைப் பலர் கடைசி வாரத்தில்தான் பழகுகிறார்கள். பைப்பர் கப் போன்ற பழைய விமானங்களில், இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் ஃபிளாப்பே கிடையாது. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு உயரத்தைக் கரைக்க ஸ்லிப்தான் வழி. ஒருமுறை அப்படிப்பட்டவருடன் பறந்து பாருங்கள். பயம் ஒரே மாலையில் போய்விடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

சாய்வுத் திருப்பத்தில் உயரம் 100 அடி, வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்), சாய்வு 5 பாகை, வெளியே வரும் திசை 10 பாகை கூடலாம் குறையலாம். சாதாரணத் தரையிறக்கத்தில் குறித்த இடத்தைத் தாண்டி 400 அடிக்குள், குறுகிய ஓடுபாதை முறையில் 200 அடிக்குள் சக்கரம் தொட வேண்டும். குறித்த இடத்துக்கு முன்னால் தொட்டால் கணக்கில்லை.

எண் ஒருமுறை தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மனம் உடைகிறவர்கள் உண்டு. தேர்வுத் தரநிலை தண்டிப்பது தொடர்ந்து தாண்டுவதையும், தாண்டியது தெரிந்தும் உடனே சரிசெய்யாமல் இருப்பதையும். என் சாய்வுத் திருப்பத்தில் உயரம் 120 அடி நழுவியது. ‘உயரம் குறைகிறது, சரிசெய்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, சாய்வைக் கொஞ்சம் குறைத்து ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். தேர்வு தொடர்ந்தது. வாய்விட்டுச் சொல்வது எனக்குக் கைகொடுத்தது. நீங்கள் கவனித்துவிட்டீர்கள் என்பது அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

எதில் அதிகம் தோற்கிறார்கள்?

நான் கேட்டறிந்தவரை, ஸ்டாலிலோ திருப்பத்திலோ கை பிசகுவதைவிட அதற்கு முன் சுற்றிலும் பார்க்காமல் தொடங்குவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் இடமும் வலமும் திரும்பி வேறு விமானம் இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். பாதுகாப்புக்காகப் பரிசோதகர் ஸ்டிக்கைத் தொட வேண்டியிருந்தால் அதுவும் தோல்வி.

இன்னொன்று, இறங்கும் முன் கடைசித் திருப்பம். ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் சாய்வைக் கூட்டப் பயந்து வாலில் உள்ள சுக்கானான ரடரைக் கூடுதலாக மிதித்து மூக்கை இழுப்போம். தாழ்வான உயரத்தில் விமானம் ஸ்டாலாகிச் சுழல இதுவே போதும். பரிசோதகர் பக்கக்காற்றோடு சேர்த்து இந்த நிலைமையைத் தானாகவே உருவாகவிட்டு வேடிக்கை பார்ப்பார். கோட்டைத் தாண்டிவிட்டால், என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். கோ-அரவுண்ட் செய்ததற்காக யாரையும் தோற்கடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நடுவில் திசைதிருப்புவாராமே?

ஆமாம். முக்கியமான கட்டத்தில் பேச்சுக் கொடுப்பார், பென்சிலைக் கீழே போட்டு எடுத்துத் தரச் சொல்லுவார். ‘கொஞ்சம் பொறுங்கள், இறங்கிய பிறகு’ என்பது சரியான பதில். பெரியவர் கேட்கிறாரே என்று குனிந்துவிடாதீர்கள். தேர்வில் நீங்கள்தான் விமானத்துக்குப் பொறுப்பான விமானி. அவர் பயணியாகக்கூடக் கருதப்படுவதில்லை.

திடீரென்று த்ராட்டிலை மூடினால்?

முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள். இலகு விமானத்துக்கு உந்துவிசை போனதும் வேகம் மளமளவென்று விழும். செஸ்னாவில் பழகியவர்களுக்கு அந்த அவசரம் புதிதாக இருக்கும். சறுக்கு வேகத்தைப் பிடித்த பிறகு வயல், அதன் பிறகு செக்லிஸ்ட். தூரத்தில் தெரியும் அழகான வயலை விட, இறக்கைக்குக் கீழே இருக்கும் சுமாரான வயல் மேல்.

அன்று காற்று பலமாக இருந்தால்?

‘இன்று வேண்டாம்’ என்று சொல்லுங்கள். வாய்மொழிப் பகுதி முடிந்திருந்தால் இடைநிறுத்தக் கடிதம் தருவார். தேறிய பகுதிகள் 60 நாள் வரை செல்லும். இரண்டாவது தேதியில் எனக்கு நடந்தது இதுவே. காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே 14 நாட். நான் பழகியது 10 வரை. சொல்லத் தயங்கி இரண்டு முறை காற்றுப்பையைப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்ததும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். பத்து நாள் கழித்துக் காற்றே இல்லாத ஒரு காலையில் மீதி நடந்தது.

தோற்றால் என்ன ஆகும்?

எந்தப் பகுதியில் தோற்றீர்கள் என்று எழுதிக் கொடுப்பார். பயிற்றுநரோடு அதை மட்டும் பழகி, மறுபடி அவர் கையொப்பம் வாங்கிப் போகலாம். 60 நாளுக்குள் போனால் பெரும்பாலும் விட்ட பகுதியைச் செய்துகாட்டினால் போதும்.

என் விமானத்தில் ஒரே ஒரு இருக்கைதான். தேர்வு நடக்குமா?

பரிசோதகர் ஒப்புக்கொண்டால் நடக்கும். அவர் தரையில் நின்று பார்ப்பார். ஆனால் ஒற்றை இருக்கை விமானம் மட்டும் ஓட்டலாம், பயணி ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு சான்றிதழ் வரும்.

தேறியதும் கையில் என்ன கிடைக்கும்? அதை வைத்து இந்தியாவில் பறக்கலாமா?

அன்றே தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். 120 நாள் செல்லும். பிளாஸ்டிக் அட்டை பிறகு தபாலில் வரும். அமெரிக்காவுக்கு வெளியே, அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் இதை வைத்துப் பறக்க முடியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அட்டையை எடுத்துப்போய் வீட்டில் காட்டலாம். என் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதில் உன் போட்டோவே இல்லையே’ என்றார். ரைட் சகோதரர்கள் படம் இருக்கிறது.